ஒன்பது கருடன்கள் கூடும் ஊர்: ஆழ்வார்திருநகரியின் ஆண்டு விழாக்களும் அவற்றின் சமூகப் பொருளும்

ஆழ்வார்திருநகரியின் ஆண்டு மூன்று பெரிய விழாக்களைச் சுற்றி அமைந்திருக்கிறது. மார்கழியில் திருஅத்யயன உற்சவம், மாசியில் தெப்பத்தோடு கூடிய திருவிழா, வைகாசியில் நம்மாழ்வாரின் அவதாரத் திருவிழா. மூன்றிலும் நடுநாயகர் நம்மாழ்வாரே. ஆதிநாதர் என்றும் பொலிந்துநின்றபிரான் என்றும் வணங்கப்படும் பெருமாள் கோயிலின் மூலவராக இருந்தாலும், திருக்குருகூர் என்ற பழைய பெயரை விட்டு இவ்வூர் ஆழ்வாரின் பெயரையே ஏற்றுக்கொண்டது. பிறந்த குழந்தை பேசாமல், பாலுண்ணாமல் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் இருந்ததாக மரபு சொல்கிறது. இரவிலும் இலை மூடாததால் உறங்காப்புளி எனப்படும் அந்த மரம் இன்றும் கோயிலுக்குள் வழிபடப்படுகிறது. ஒரே இடத்தில் அமர்ந்திருந்த இந்த மனிதரை ஆண்டுதோறும் ஊர் எப்படிக் கொண்டாடுகிறது என்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. கடவுளுக்கும் பக்தனுக்கும் என்ன உறவு? பக்தனுக்கும் அவனைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும் என்ன உறவு? இரண்டுக்கும் தத்துவ நூல்கள் விடை சொல்லியிருக்கின்றன. ஆனால் படிக்காதவரும் கண்ணால் காணும்படி விடை சொல்வது சடங்குதான்.

தாமிரபரணியின் இரு கரைகளிலும் பரவிக் கிடக்கின்றன நவதிருப்பதிகள். ஸ்ரீவைகுண்டம், நத்தம் என்னும் வரகுணமங்கை, திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதியின் இரு கோயில்கள், பெருங்குளம் ஆகிய ஆறும் வடகரையில் உள்ளன. தென்கரையில் ஆழ்வார்திருநகரியும் திருக்கோளூரும் தென்திருப்பேரையும். ஒன்பதையும் நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியிருக்கிறார். திருப்புளிங்குடியில் கிடந்த கோலம், வரகுணமங்கையில் இருந்த கோலம், ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற கோலம் ஆகிய மூன்றையும் ஒரே பாசுரத்துக்குள் அடக்கிய இடமும் உண்டு. ஒன்றுக்கொன்று அருகில் இருந்தும் தனித்தனிப் பெருமாளும் தனித்தனிக் குடிகளும் கொண்ட ஊர்களை முதலில் ஒன்றாகப் பார்த்தது அந்தப் பாட்டுதான் என்று கொள்ள இடமிருக்கிறது. பாட்டில் நடந்த சேர்க்கையை வைகாசித் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை தெருவில் நடத்திக் காட்டுகிறது.

வைகாசி விசாகம் நம்மாழ்வாரின் திருநட்சத்திரம். அதையொட்டிக் கொடியேறும் பத்து நாள் திருவிழாவில் ஐந்தாம் நாள் ஒன்பது கருட சேவை, ஒன்பதாம் நாள் தேர். ஐந்தாம் நாளன்று மற்ற எட்டுக் கோயில்களின் உற்சவர்களும் தத்தம் ஊரிலிருந்து புறப்பட்டு ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளுகிறார்கள். வடகரைப் பெருமாள்கள் ஆற்றைக் கடந்து வரவேண்டும். பகலில் மங்களாசாசனம் நடக்கிறது. நம்மாழ்வாரை ஒவ்வொரு பெருமாளின் முன்னும் எழுந்தருளச் செய்கிறார்கள். அந்தந்த ஊருக்குரிய பாசுரங்களைக் கோஷ்டியார் சேவிக்கிறார்கள். பெருமாளின் மாலையும் மரியாதையும் ஆழ்வாருக்குச் சாத்தப்படுகின்றன. ஒரு பெருமாளுக்கு முடிந்ததும் அடுத்தவர். வைகாசி வெயில் ஏற ஏறப் பந்தலுக்குள் கூட்டம் நெருக்குகிறது. தங்கள் ஊர்ப் பாசுரம் வரும்போது அந்த ஊர்க்காரர்கள் முன்னே வருகிறார்கள். இரவு நெடுநேரம் கழிந்தபின் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் வரிசையாகப் புறப்படுகிறார்கள். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில். அவருடைய சீடர் மதுரகவியாழ்வார் பரங்கி நாற்காலியில். அந்த ஒரு தெருவில் ஒன்பது ஊர்களும் நிற்கின்றன.

இந்த அமைப்பில் யார் யாரைத் தேடி வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தன் தலயாத்திரை போவதுதான் வழக்கம். இங்கே எட்டுக் கோயில்களின் கடவுளர் ஒரு பக்தனின் பிறந்தநாளுக்கு வருகிறார்கள். ஆழ்வார் புளியமரத்தடியை விட்டு நகரவில்லை, திவ்ய தேசத்துப் பெருமாள்களே அவர் கண்முன் வந்து பாட்டுப் பெற்றுப் போனார்கள் என்ற மரபுக் கதையின் நடைமுறை வடிவம் இது. வைணவ ஆசாரியர்கள் சௌலப்யம் என்று விரித்துரைத்த குணம், அதாவது எட்டாதவன் தானே எளியவனாக இறங்கி வருவது, இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்சியாவது அரிது. அர்ச்சாவதாரக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. விக்கிரகமாக எழுந்தருளிய இறைவன் நீராடவும் அமுது செய்யவும் வெளியே புறப்படவும் அடியாரையே நம்பியிருக்கிறான் என்கிறது அது. ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள் இல்லாமல் கருடன் ஓர் அடி நகர முடியாது. குடை பிடிப்பவர், தீவட்டி ஏந்துபவர், நாதஸ்வரம் வாசிப்பவர், பூக்கட்டுபவர், தளிகை செய்பவர் என நீளும் வரிசையில் ஒருவர் விலகினாலும் ஒரு பெருமாளின் புறப்பாடு தாமதப்படும். இறைவனின் எளிமை என்ற தத்துவம் சமூகத்தில் வேலைப் பங்கீடாக உருவெடுப்பது இப்படித்தான்.

விழாவின் காலமும் கருதத்தக்கது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம், கார் என இரு நெற்பருவங்கள். பிசான அறுவடை மாசி பங்குனியோடு முடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கி அணை திறந்தால்தான் கார் நடவு தொடங்கும். வைகாசி இரண்டுக்கும் இடைப்பட்ட மாதம். நெல் வீடு சேர்ந்திருக்கும், வயலில் வேலை குறைந்திருக்கும், ஆற்றில் நீர் தாழ்ந்திருக்கும். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து இரு கரைக் குளங்களையும் நிரப்புகின்றன. ஒரு கரை மிகுதியாக எடுத்தால் மறுகரைக்குக் குறையும். மேல்மடை அடைத்தால் கடைமடை காயும். ஆண்டு முழுவதும் ஒரே நீரைப் பங்கிட வேண்டிய ஊர்கள் புதிய நீர் வருவதற்கு முன்னால் ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்தாளியாகக் கூடுவது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. திருவிழா தேதியைக் குறித்தது ஆழ்வாரின் நட்சத்திரம். அந்தத் தேதி விவசாயிக்கும் ஒத்துப்போனதால்தான் ஒன்பது ஊர்களால் அதைத் தொடர்ந்து சுமக்க முடிந்தது என்று எண்ணலாம்.

சாதியைப் பற்றி இவ்விழா சொல்வது எளிதில் ஒரு வரியில் முடிவதில்லை. நம்மாழ்வார் வேளாளர் குலத்தில் காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்தவர். மதுரகவி திருக்கோளூரில் பிறந்த அந்தணர், வயதிலும் மூத்தவர். அந்தணர் சீடராகவும் வேளாளர் குருவாகவும் அமைந்த இந்த உறவு, பிறப்பு வரிசையைப் பக்தி வரிசை மாற்றிவிட்டது என்பதற்கு வைணவத்தின் மூலச்சான்று. கருட சேவையில் மதுரகவி சீடருக்குரிய இடத்தில் வருவதால் அந்தச் சான்று ஆண்டுதோறும் தெருவில் வலம் வருகிறது. வைணவக் கோயில் புறப்பாடுகளில் பெருமாளுக்கு முன்னால் தமிழ்ப் பிரபந்த கோஷ்டியும் பின்னால் வேத பாராயண கோஷ்டியும் செல்வது இன்னொரு சான்று. வேளாளர் ஒருவரின் தமிழை வேதத்துக்கு முன்னால் நடக்கவைத்த ஏற்பாடு சாதாரணமானதன்று.

ஆனால் அதே விழாதான் வரிசைகளை உண்டாக்கவும் செய்கிறது. தீர்த்தம் யாருக்கு முதலில், சடாரி யாருக்கு அடுத்தது, பரிவட்டம் எந்த வீட்டாருக்கு என்பவை கோயில் மரியாதைகள். அர்ஜுன் அப்பாதுரை சென்னைத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட நூலில், மரியாதை என்பது தெய்வம் தன் செல்வத்தையும் அதிகாரத்தையும் பகிர்ந்தளிக்கும் முறை என்றும், ஆகவே அதற்கான சண்டை உண்மையில் சமூகத்தில் பங்கு கேட்கும் சண்டை என்றும் காட்டினார். தமிழ்நாட்டின் பெரிய வைணவக் கோயில்கள் பலவற்றில் தென்கலை வடகலை வழக்குகள் நீதிமன்றம் வரை போனதன் காரணம் இதில் தெளிகிறது. இதைவிடக் கனமான உண்மை ஒன்றும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் கதவு சட்டப்படி திறந்தது சென்னை மாகாணத்தில் 1939இலும் 1947இலும் இயற்றப்பட்ட ஆலய நுழைவுச் சட்டங்களால்தான். எல்லார்க்கும் எளியவன் என்று பாடப்பட்ட இறைவன் கருவறையில் இருந்தவரை பலருக்கு எட்டாதவனாகவே இருந்தான். உற்சவர் வெளியே வரும் நாள்தான் அவர்களுக்குத் தரிசன நாள். அதுவும் எந்தத் தெருவில், எவ்வளவு தொலைவில் நின்று என்பதை ஊர் வழக்கம் முடிவுசெய்தது. பாசுரத்தின் கருணையும் தெருவின் வழக்கமும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டே சேர்ந்து நடந்தன. அந்த முரணை மறைத்து விழாவைப் புகழ்வது ஆழ்வாருக்கே அநீதி.

மரியாதை என்பதற்கு மற்றொரு முகமும் உண்டு: நன்றிக்கடன். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின்போது நம்மாழ்வாரின் திருமேனியை ஊரைவிட்டு எடுத்துச் சென்று கேரளப் பகுதியில் ஒரு மலைப்பள்ளத்தில் மறைத்து வைத்தார்கள் என்றும், பின்னாளில் தோழப்பர் என்பவர் பள்ளத்தில் இறங்கித் திருமேனியை மேலேற்றிவிட்டுத் தாம் உயிரிழந்தார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. தந்தையை இழந்த அந்தக் குடும்பத்துக்கு ஆழ்வாரே தந்தை முறையானார் என்பது கதை. வழித்தோன்றல்களுக்குக் கோயில் மரியாதை அதனால் வந்தது என்பர். திருவாய்மொழிப் பிள்ளை காடு மண்டிக் கிடந்த ஊரைத் திருத்தி ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். அவருடைய சீடரான மணவாள மாமுனிகள் (1370–1443) இவ்வூரில் பிறந்தவர். ஒரு மாலையும் ஒரு கை தீர்த்தமும் இப்படியான நினைவுகளைத் தாங்கும்போது, ஆண்டு விழா அவ்வூரின் எழுதப்படாத வரலாற்றுப் புத்தகமாகிறது. விழா நிற்குமானால் அந்தக் கடன் யாருக்கும் நினைவிருக்காது.

அத்யயன உற்சவத்தின் பொருள் இதைவிட ஆழமானது. திருவரங்கத்தில் திருவாய்மொழிக்கென ஒரு விழாவைத் திருமங்கையாழ்வார் தொடங்கினார் என்றும், மறைந்துபோயிருந்த நாலாயிரம் பாசுரங்களையும் திருக்குருகூரில் மீட்டெடுத்த நாதமுனிகள் அதை விரிவாக்கினார் என்றும் மரபு. பகல்பத்தில் மற்ற ஆழ்வார்களின் பாசுரங்கள், இராப்பத்தில் திருவாய்மொழி. 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி, நாளுக்கு ஒரு பத்தாகப் பத்து இரவுகளில் சேவிக்கப்படுகிறது. குல்லாய் அணிந்து கைத்தாளம் தட்டி அரையர்கள் பாசுரத்தைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை, திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை என மிகச் சில ஊர்களிலேயே எஞ்சியிருக்கிறது.

இராப்பத்தின் இறுதி நாளில் திருவடி தொழல் நடைபெறும். கடைசிப் பத்தில் ஆழ்வார் வீடுபேறு அடைகிறார். பாட்டில் நடந்தது சடங்கிலும் நடக்கிறது. அர்ச்சகர்கள் ஆழ்வாரைக் கைகளில் ஏந்தி மெல்ல நடந்து சென்று பெருமாளின் திருவடிகளில் தலை படும்படி சாய்க்கிறார்கள். துளசியை மேலே இட்டு இட்டு ஆழ்வாரின் திருமேனி கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிடுகிறார்கள். பாடியவர் போய்விட்டார். கூட்டத்தில் கண்ணீர் விடுவோரும் உண்டு. பத்து இரவுகள் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது இழப்புதான். அதன்பின் பெருமாளிடம் ஒரு விண்ணப்பம் வைக்கப்படுகிறது: உலகத்தாரின் பொருட்டு ஆழ்வாரைத் திரும்பத் தந்தருள வேண்டும். பெருமாள் இசைகிறார். துளசி விலக்கப்படுகிறது, ஆழ்வார் மீண்டும் எழுந்தருளுகிறார்.

வீடுபேறு தனி உயிருக்கு உரியது என்பதுதான் இந்தியத் தத்துவங்களின் பொது வழக்கு. போனவர் திரும்புவதில்லை, திரும்பாமையே அதன் இலக்கணம். திருவடி தொழலோ அந்த இலக்கணத்தை மறுக்காமலே அதன் மேல் ஒரு வேண்டுகோளை ஏற்றுகிறது. ஆழ்வாருக்கு வீடு கிடைத்தது உண்மை. ஊருக்கு ஆழ்வார் தேவைப்படுவதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தர்க்கத்தில் வழியில்லை. சடங்கு அதற்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறது: ஒவ்வோர் ஆண்டும் அவரை விடுவித்து, ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கேட்கிறது. கேட்பது அர்ச்சகரின் குரலானாலும், அவர் கேட்பது கூடிநிற்கும் அத்தனை பேருக்காகவும்தான். மீட்சி என்பது சமூகத்தை விட்டுப் போவதா, சமூகத்துக்குத் திரும்பி வருவதா என்ற பழைய கேள்விக்கு இவ்வூர் தரும் விடை இது. தமிழ் வைணவத்தின் சமய உள்ளத்தை ஒரே ஒரு சடங்கில் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியதும் இதுதான்.

ஆண்டின் திருப்பத்தில் ஒருவரைச் சமூகத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது உலகில் தமிழருக்கு மட்டும் உரியதன்று. தைவான் தீவின் தென்கிழக்கே தைதுங் பகுதியில் வாழும் புயூமா பழங்குடியினர் ஆண்டின் இறுதியில் தொடர்ச்சியாகச் சில சடங்குகளை நடத்துகிறார்கள். சிறுவர்களுக்கெனத் தக்குபான் என்னும் பயிற்சி இல்லமும் வளர்ந்த ஆண்களுக்கெனப் பலக்குவான் என்னும் மன்றமும் அவர்களிடம் உண்டு. சிறுவர்கள் துணிவை நிறுவும் குரங்குச் சடங்கில் முன்பு உயிருள்ள குரங்கு. இப்போது வைக்கோலால் செய்தது. அதையடுத்து ஆண்கள் மலைக்கு வேட்டைக்குப் போகிறார்கள். அவ்வாண்டில் சாவு விழுந்த வீடுகளுக்கும் ஆண்டிறுதிச் சடங்குகளில் தனி இடம் உண்டு: துக்கத்தில் ஒதுங்கியிருப்பவர்களுக்காகப் பாடி, மலர்மாலை சூட்டி, அவர்களை ஆட்டக் களத்துக்கு அழைத்து வருகிறார்கள். துக்கம் அந்த வீட்டுக்கு உரியது. அதை முடித்துவைப்பது ஊரின் பொறுப்பு.

தமிழ் வீடுகளில் சாவுக்குப்பின் ஓராண்டு பண்டிகை கொண்டாடாமல் இருப்பதும், பின்பு உறவினர் துணி எடுத்துக்கொடுத்து நல்ல காரியங்களுக்கு அழைப்பதும் இதே தேவையிலிருந்து பிறந்தவை. கோயில் இருக்கும் தெருவில் சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை பூசை நிற்கும் என்ற விதியைப் பலர் தீட்டு என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு வீட்டின் இழப்பு தெருவையும் தெய்வத்தையும் சேர்த்து நிறுத்திவைக்கிறது என்பதும் அதில் இருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலர் எமில் தர்கைம் 1912இல் எழுதிய நூலில், கூடிச் செய்யும் சடங்கில் ஒரு சமூகம் தன் ஒற்றுமையைப் புதுப்பித்துக்கொள்கிறது என்றார். அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழுமையில்லை. தெய்வம் என்பது சமூகத்தின் வேறொரு பெயர் என்று அவர் போன தொலைவுக்குத் திருவடி தொழலில் கண்ணீர் விடுகிறவரை அழைத்துச் செல்ல முடியாது. அவர் தம் ஊரைக் கேட்கவில்லை, ஆழ்வாரைக் கேட்கிறார். அப்படிக் கேட்பதால்தான் ஊரும் சேர்ந்து கிடைக்கிறது.

தமிழகத்தில் ஒன்பது கருட சேவைக்கு நெருங்கிய உறவு சீர்காழிக்கு அருகே உள்ள திருநாங்கூரில் உண்டு. தை அமாவாசைக்கு மறுநாள் பதினோரு பெருமாள்கள் கருட வாகனத்தில் மணிமாடக் கோயிலில் கூட, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்கிறார். அங்கே ஆழ்வார் ஊர் ஊராகப் போகிறார், வயல் வரப்பு வழியாகப் பல்லக்கு செல்கிறது. குருகூரில் ஆழ்வார் இருந்த இடத்துக்கு ஊர்கள் வருகின்றன. வயல்களின் விளைச்சலுக்கும் ஆழ்வார் வருகைக்கும் தொடர்பு உண்டென்று திருநாங்கூர் மக்கள் நம்புவதும் கவனிக்கத்தக்கது.

இந்த விழாக்களைத் தாங்கிய பொருளாதாரம் கடந்த நூற்றாண்டில் மாறிவிட்டது. முன்பு கோயில் ஊழியர் பலருக்கு மானிய நிலம் உண்டு. தீவட்டி பிடிப்பதும் வாத்தியம் வாசிப்பதும் அந்த நிலத்தோடு ஒட்டிய உரிமை, கடமை இரண்டுமாக இருந்தன. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிணைப்பு தளர்ந்தது. கோயில்களை இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கிறது. பரம்பரைக் கட்டளைதாரரும் உபயதாரரும் செலவில் பங்கேற்கிறார்கள். அக்கிரகாரத்து வீடுகள் பலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் போன குடும்பங்கள் ஐந்தாம் திருநாளுக்கு ஊர் திரும்புகின்றன. அவர்களைப் பொறுத்தவரை விழா என்பது இப்போது ஊரில் இருப்பதன் அடையாளமாக இல்லை, ஊரை விட்டுப் போனதன் ஈடாக இருக்கிறது.

நவதிருப்பதிகளை நவக்கிரகங்களோடு இணைத்துப் பரிகாரத் தலங்களாகக் காணும் வழக்கமும் பரவியுள்ளது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பேருந்து பேருந்தாக வரும் யாத்திரிகர்கள் ஒரே நாளில் ஒன்பது கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களின் நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர்களால் கோயில்களில் விளக்கு எரிகிறது. ஆனால் இரண்டு வழிபாடுகளும் வெவ்வேறு திசையில் நிற்கின்றன. பரிகார யாத்திரையில் ஒருவர் தம் ஜாதகத்தோடு ஒன்பது ஊர்களுக்குப் போகிறார். அந்த ஊர்களில் யார் இருக்கிறார்கள் என்று அவர் அறிய வேண்டியதில்லை. கருட சேவையில் ஒன்பது ஊர்களும் தம் குடை, தாங்கிகள், பாசுரம் எல்லாவற்றோடும் ஒரு தெருவுக்கு வருகின்றன.

பரிகார யாத்திரைக்குப் பேருந்து போதும், கருட சேவைக்குத் தோள் கொடுக்க இளைஞர்கள் வேண்டும். அரையர் சேவைக்கு அதைவிட அரிதான ஒன்று வேண்டும். இசை, அபிநயம், வியாக்கியானம் மூன்றையும் தந்தையிடமிருந்து மகன் வாய்மொழியாகக் கற்றுக்கொள்ளும் கலை அது. சில குடும்பங்களின் நினைவில் மட்டும் இருப்பது. வேறு வேலைக்காக நகரம் போன ஒரு மகன் மார்கழியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து குல்லாய் அணிந்தால்தான் இராப்பத்து முறைப்படி நடக்கும். பாசுரங்கள் அச்சிலும் ஒலிப்பதிவிலும் கிடைக்கின்றன. எந்த அடியில் தாளத்தை நிறுத்துவது, எந்தச் சொல்லுக்கு எந்த முத்திரை என்பதைக் கற்பிக்க இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.